நாற்காலியிலிருந்து எழுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசித்து வருகிறேன். எனக்கு 57 வயது. இன்னும் கொஞ்ச நாளில் பணி ஓய்வு. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இதுவரை இல்லை. ஆனால் என் அப்பாவைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. அவருக்கு 82. போன வருடம் ஒருமுறை தடுமாறிக் கீழே விழப்போனார். அன்றிலிருந்து அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. குடிக்கிற தண்ணீர் முதற்கொண்டு எல்லாம் அவர் இருக்கிற இடத்துக்கே போய்விடும். ராஜா மாதிரி வைத்திருக்கிறோம். இருந்தும் மாதத்துக்கு மாதம் தளர்ந்துகொண்டே போகிறார்.

எனக்கும் இப்படி ஆகிவிடக் கூடாது. தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பாதிதான் முடிகிறது. என்னென்ன சத்து மாத்திரைகள் எடுத்துக்கொள்ளலாம்? ஞாபகசக்திக்குக் குறுக்கெழுத்துப் போடுவது நல்லதா? வயதானாலும் மனசு உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? அன்றாடப் பழக்கங்களைப் பற்றி நீங்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது 'ராஜா மாதிரி வைத்திருக்கிறோம்' என்ற அந்த ஒரு வரிக்காக. சமீபகாலமாக எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு காதில் விழுகிறது. எழுதியே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன். 10,000 என்பது எந்த மருத்துவரும் ஆராய்ந்து வைத்த கணக்கு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றோடு பரவிய எண் அது. 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நடையால் கிடைக்கும் ஆயுள் பலனில் பெரும்பகுதி 6,000 முதல் 8,000 அடிக்குள்ளேயே கிடைத்துவிடுவது தெரிந்தது. உங்களுக்கும் 60 நெருங்குகிறது, நீங்கள் நடக்கும் 5,000-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த அளவுக்குக் கூட்டினால் போதும். மாத்திரை விஷயத்தில், ரத்தப் பரிசோதனையில் எதாவது குறைந்திருந்தால் மருத்துவர் எழுதித் தருவார். அதைச் சாப்பிடுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

குறுக்கெழுத்து பிடித்திருந்தால் போடுங்கள். ஆனால் ஞாபகசக்தியைப் பற்றி உண்மையிலேயே கவலை என்றால் முதலில் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். மறதிநோய்க்கு வழிவிடும், நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் பட்டியலிட்டது. நடுவயதில் வரும் காது மந்தம் அதில் முன்வரிசையில் இருக்கிறது. ரத்த அழுத்தம், பார்வைக் குறை, தனிமை ஆகியவையும் உண்டு. காது சரியாகக் கேட்காதவர் பேச்சிலிருந்து மெல்ல ஒதுங்குகிறார், அப்புறம் மனிதர்களிடமிருந்தே ஒதுங்கிவிடுகிறார். கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை, காதுக் கருவிக்கு மட்டும் என்ன வெட்கம்?

சரி, இப்போது அப்பா.

நீங்கள் செய்வதெல்லாம் அன்பினால்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்பு அவருடைய கால்களைப் பறித்துக்கொண்டிருக்கிறது. இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

30 வயதுக்கு மேல் நம் தசை பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம்வரை குறைந்துகொண்டு வரும். 60-க்கு மேல் வேகம் கூடும். தசையின் அளவைவிட அதன் பலம் இன்னும் சீக்கிரம் போகும். அதிலும் சட்டென்று இயங்கும் தசைநார்கள்தான் அதிகம் மெலிகின்றன. கால் இடறும்போது மறு காலை முன்னால் வைத்து உடம்பைத் தாங்கிப் பிடிப்பவை அவைதான். இந்தத் தேய்வுக்கு 1989-இல் இர்வின் ரோசன்பர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். இது வயதின் வேலை, யாருக்கும் விலக்கில்லை.

ஆனால் சும்மா இருப்பதன் வேலை இதைவிடக் கொடியது. 1966-இல் அமெரிக்காவின் டல்லஸில், 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். உடம்பு உழைக்கும் திறனை 30 வருட மூப்பு குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. இருபது வயதுக்காரர்களுக்கே இப்படி. 2007-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், சராசரியாக 67 வயதான, நோய் நொடி இல்லாதவர்கள் பத்து நாள் படுத்திருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. உங்கள் அப்பா படுக்கையில் இல்லை, நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் ஒரு வருடமாக இருக்கிறார்.

என் அத்தை எங்களோடுதான் இருந்தார். 78 வயதில் நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். நுரையீரலைச் சரியாக்கி அனுப்பினார்கள். ஆனால் அங்கே இருந்தவரை கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை, விழுந்துவிடுவார் என்று பயம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கைப்பிடிகளை அழுத்தி, தோள் இரண்டும் காதுவரை ஏற, மூச்சைப் பிடித்துக்கொண்டு முயல்வார். இடுப்பு ஒரு விரற்கடை உயரும், தொடை நடுங்கும், பொத்தென்று திரும்ப உட்கார்ந்துவிடுவார். ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவோம். "உங்களுக்குப் பாரமாயிட்டேன்டா" என்பார்.

அவருக்குப் பயிற்சி தர வந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். "யாரும் கை கொடுக்கக் கூடாது" என்று எங்களை ஓரமாக நிற்கவைத்துவிட்டாள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். இருக்கையில் கெட்டியான தலையணை இரண்டை வைத்து உயர்த்தினாள். "விளிம்புக்கு நகர்ந்து வாங்க பாட்டி. பாதத்தை முட்டிக்குக் கொஞ்சம் பின்னாடி இழுத்துக்குங்க. இப்போ முன்னாடி குனிங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வரணும். வந்ததும் தரையை அழுத்துங்க."

அத்தைக்குக் குனியத்தான் பயம். பலம் குறைந்தவர்கள் எழும்போது முன்னால் விழுந்துவிடுவோமோ என்று பின்பக்கமே சாய்ந்துகொள்வார்கள். பாரம் பாதத்துக்கு மேல் வராமல் எழவே முடியாது. அந்தப் பெண் குனிந்து எதிரே உட்கார்ந்துகொண்டு, "என்னைப் பார்த்து வாங்க, நான் இருக்கேன்" என்றாள். மூக்கு முன்னால் வந்தது. அத்தை எழுந்தார். யாரும் தொடவில்லை. "இப்போ மெதுவா உட்காருங்க, மூணு எண்ணி இறங்கணும், விழக் கூடாது." தொப்பென்று விழாமல் இறங்குவதற்கும் அதே தொடைதான் உழைக்க வேண்டும்.

சில வாரத்தில் ஒரு தலையணை போயிற்று, அப்புறம் இன்னொன்றும் போயிற்று. ஒருநாள் ராத்திரி யாரையும் எழுப்பாமல் கழிப்பறைக்குப் போய்வந்திருக்கிறார். காலையில் அதை எங்களிடம் சொன்னபோது அவர் குரலே வேறாக இருந்தது. அன்றைக்கே துணி மடிக்கிற வேலை தன்னுடையது என்று வாங்கிக்கொண்டார். மனசு உடையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். தன் காலால் எழுந்து போய், தன்னை நம்பி இருக்கும் ஒரு வேலையைச் செய்துவிட்டு வருகிறவருக்குத் தைரியம் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நான் நினைப்பது அத்தையைப் பார்த்துத்தான்.

82-க்கு மேல் தசை எங்கே வளரப்போகிறது என்பீர்கள். வளரும். 1990-இல் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய பத்து பேருக்கு எட்டு வாரம் காலுக்குப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார். மூத்தவருக்கு வயது 96. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடைத் தசையே பெரிதாகியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். இவ்வளவு வருடமாகத் தெரிந்த விஷயம், இன்னும் நம் வீடுகளுக்குள் வரவில்லையே!

விழுவது பெரிய ஆபத்துதான், மறுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள், அதில் 60 தாண்டியவர்களே அதிகம். அதற்காகச் செய்ய வேண்டியவை வேறு. ராத்திரி நடக்கும் வழியில் வெளிச்சம் வேண்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். தரையில் வழுக்கும் விரிப்பு கூடாது. அவர் சாப்பிடும் மாத்திரைகளில் தலைசுற்றல் தருவது எதாவது உண்டா, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆளை உட்காரவைத்தது மட்டும்தான் இருக்கிறது. உட்கார்ந்தே இருப்பவர் அடுத்தமுறை எழும்போது இன்னும் சுலபமாக விழுவார்.

இனித் தண்ணீரை அவர் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, அதனால் வேளைக்கு ஞாபகப்படுத்துங்கள். ஆனால் எழுந்துபோய்க் குடிக்கட்டும். நீங்கள் ஒரு கை தூரத்தில் கூடவே நடங்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முடிந்தால் ஒரு பிசியோதெரபிஸ்டை வரவழைத்து, நாற்காலிப் பயிற்சியை ஆரம்பியுங்கள். புரதம் போதுமா என்றும் பாருங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம்வரை தினமும் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

உங்களுக்கும் இதே நாற்காலிதான். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்துமுறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். நடை இதற்கு ஈடாகாது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள், 65-க்கு மேல் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 அறிக்கை. பல் துலக்கும்போது சுவரோரமாக ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். பத்து விநாடி நிற்க முடிகிறதா?

இன்று சாயங்காலம் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட வேலைகளில் எது தனக்குத் திரும்ப வேண்டும் என்று அவரே சொல்லட்டும். எதைச் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.