கூடுதல் சிப்பாய் இருந்தும் டிரா: கேள்வி பதில்

கேள்வி: உள்ளூர்ச் சதுரங்கப் போட்டியில், ஆளுக்கொரு யானை எஞ்சிய இறுதிக்கட்டத்தில் எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் ஆட்டம் டிராவானது. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் அனுப்பிய நகர்வுகளை வைத்துப் பார்த்தேன். எதிராளியின் ராஜா, உங்கள் சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்திலேயே வந்து அமர்ந்துவிட்டது. அவருடைய யானையோ, அவர் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாம் வரிசையில் நின்று, உங்கள் ராஜாவை முன்னேறவிடாமல் மறித்தது. 1777இல் பிரெஞ்சுச் சதுரங்க வீரர் பிலிடோர் விளக்கிய தற்காப்பு இதுதான். சிப்பாயை அந்த வரிசைக்கு நீங்கள் தள்ளியதும், அவர் யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து தொடர்ந்து செக் கொடுத்தார். ஒளிய வேண்டிய இடத்தைச் சிப்பாயே பிடித்துக்கொண்டதால் உங்கள் ராஜாவுக்குப் புகலிடம் இல்லாமல் போனது. ஆகவே தவறு கடைசி நகர்வுகளில் இல்லை. எதிராளியின் ராஜா சிப்பாயின் பாதைக்கு வருவதற்கு முன்பே, உங்கள் யானையை ஒரு நெடுவரிசையில் நிறுத்தி அதைத் தடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: அப்படித் தடுத்துவிட்டால் வெற்றி உறுதியா?

பதில்: சிப்பாய் ஏழாம் வரிசையை அடைந்து, அதற்கு முன்னால் உங்கள் ராஜாவே நின்றால், ஓரச் சிப்பாய் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் வெற்றிதான். யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டு ராஜாவை வெளியே எடுங்கள். செக்குகள் வரும்போது ராஜா படிப்படியாக இறங்கிவர, கடைசிச் செக்கை யானை குறுக்கே வந்து மறைக்கும். இதற்கு லூசெனா நிலை என்று பெயர். ஆனால் பெயருக்குரிய ஸ்பானிய எழுத்தாளர் லூசெனாவின் 1497ஆம் ஆண்டுச் சதுரங்க நூலில் இந்நிலை இல்லை என்பது வேடிக்கை. 1634இல் வெளிவந்த, இத்தாலியச் சதுரங்க வீரர் சால்வியோவின் நூலில்தான் இது காணப்படுகிறது.

கேள்வி: ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் நான் காயை நகர்த்திவிட்டு டிரா கேட்டேன், நடுவர் மறுத்துவிட்டார். இது சரியா?

பதில்: சரியே. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம், ஆனால் அதற்கு முறை உண்டு. உங்கள் நகர்வால் அந்நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால், நகர்வைத் தாளில் எழுதி, காயைத் தொடாமல் நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். எதிராளியின் நகர்வால் வந்திருந்தாலும், நீங்கள் காயைத் தொடும் முன்பே கேட்டாக வேண்டும். மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. கோரிக்கை தவறானால் எதிராளியின் கடிகாரத்தில் 2 நிமிடம் கூடும். ஐந்தாம் முறை வந்துவிட்டால் யாரும் கேட்காமலே ஆட்டம் டிராதான்.

கேள்வி: காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்யும்போது யானையை முதலில் தொட்டால்?

பதில்: அந்த நகர்வில் அப்பக்கம் காஸ்லிங் கிடையாது, விதிப்படி நகர்த்த முடியுமானால் யானையையே நகர்த்த வேண்டும். எதிராளி இதைச் சுட்டிக்காட்டாமல் தன் காயைத் தொட்டுவிட்டால், பிறகு முறையிடும் உரிமை அவருக்கு இல்லை.