நரம்பு கிடைக்காதவர்களுக்கு ஸ்கேன் வைத்து ட்ரிப்ஸ் ஊசி போடுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு நரம்பு கிடைக்காமல் பலமுறை குத்திவிட்டு, கடைசியில் ஸ்கேன் வைத்துப் போட்டார்கள், அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான், கதிர்வீச்சு கிடையாது. ஜெல் தடவிக் கையின் மேல் புரோபை (தோலில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) வைத்தால் ரத்தக்குழாய்கள் திரையில் கறுப்பு வட்டங்களாகத் தெரியும். லேசாக அழுத்தினால் சிரை, அதாவது ட்ரிப்ஸ் போட நாம் ‘நரம்பு’ என்று சொல்லும் ரத்தக்குழாய், நசுங்கி மறையும். இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் தமனி அவ்வளவு சுலபமாக நசுங்காது, துடித்துக்கொண்டே இருக்கும். இதைப் பிரித்தறிவது சுலபம். கஷ்டம் எங்கே என்றால், ஊசி முனையைப் பின்தொடர்வதில். திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளி முனையா, நடுத்தண்டா என்று ஏமாற்றும். அதனால் ஊசி உள்ளே போகப் போக புரோபையும் கூடவே நகர்த்த வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவரிடம் மெஷின் மட்டும் இருந்து பிரயோஜனம் இல்லை.

அப்புறம், ஆழமான சிரைக்கு வழக்கமான வென்ஃப்ளானின் (ட்ரிப்ஸுக்காக உள்ளே விட்டுவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) நீளம் பல நேரம் போதாது. கை அசைந்ததும் நழுவி, மருந்து வெளியே கசிந்து வீங்கும். அங்கே நீளமானதுதான் நல்லது. எரிச்சலோ வீக்கமோ இருந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

கண்ணுக்கு நரம்பு தெரிகிறவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. அம்மாவை அடுத்த முறை அட்மிட் செய்யும்போது, “போன தடவை ஸ்கேன் வைத்துத்தான் கிடைத்தது” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.