மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, ஆஸ்திரேலிய ஆறுகளில் வாழும் பிளாட்டிபஸ் என்ற பிராணியைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

"வாத்து அலகு, பீவர் வால், நீர்நாய்க் கால்" என்று ஒட்டுப்போட்ட பிராணியாக மட்டும் அறிமுகப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், அதற்குமேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்காது. பீவர் என்ற வெளிநாட்டுக் கொறிக்கும் பிராணியை அவர்கள் பார்த்ததும் இல்லை. அது எப்படி இரை தேடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக நான் அப்படித்தான் தொடங்குகிறேன்.

ஒரு பிள்ளையை அழைத்துக் கண்ணையும் காதையும் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு வகுப்பைக் கேளுங்கள்: "மூக்கும் மூடியிருக்கு, ராத்திரி நேரம், ஆத்துக்கு அடியில இறால் ஒளிஞ்சிருக்கு. எப்படிப் பிடிப்பீங்க?" துழாவிப் பிடிப்போம் என்பார்கள். அது பாதி சரி. பிளாட்டிபஸ் தண்ணீருக்குள் மூழ்கியதும் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். அதன் அலகில் தொடுவதை உணரும் புள்ளிகளோடு, மின்சாரத்தை உணரும் புள்ளிகளும் ஏறக்குறைய 40,000 இருக்கின்றன. எந்த உயிர் தசையை அசைத்தாலும் மிக நுண்ணிய மின்சாரம் உண்டாகும். கல்லுக்கு அடியில் இறால் லேசாக அசைந்தால் போதும், அலகை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நீந்தும் பிளாட்டிபஸ் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். பிடித்ததைக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு மேலே வந்துதான் மெல்லும். அதுவும் பல் இல்லாமல்! வளர்ந்த பிளாட்டிபஸுக்குப் பல்லும் கிடையாது, இரைப்பையும் கிடையாது.

படத்தில் பார்த்துப் பெரிய விலங்கு என்று நினைத்துக்கொள்வார்கள். தரையில் சாக்பீஸால் 45 சென்டிமீட்டர் கோடு போட்டுக் காட்டுங்கள், வால் உட்பட அவ்வளவுதான். அலகும் வாத்தினுடையதைப் போலக் கடினமானது அல்ல, தோல் போர்த்திய மெத்தென்ற உறுப்பு. ஆணின் பின்னங்காலில் விஷமுள் உண்டு என்பதைச் சொல்லலாம். மனிதருக்குக் கடுமையான வலி தரும், ஆனால் உயிர் போகாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், "அது பறவையா, விலங்கா?" என்று நிச்சயம் கேட்பார்கள். பதிலை உடனே சொல்ல வேண்டாம். உடம்பெல்லாம் ரோமம் இருக்கிறது. தாய் ஆற்றங்கரை வளைக்குள் பெரும்பாலும் இரண்டு முட்டையிட்டு, சுருண்டு படுத்துப் பத்து நாள்போல அடைகாக்கிறது. குட்டிகளுக்குப் பாலும் உண்டு. காம்பு இல்லாததால் வயிற்றுத் தோலில் கசியும் பாலை அவை உறிஞ்சிக்கொள்ளும். இதையெல்லாம் பலகையில் எழுதி, அவர்களை வாதாட விடுங்கள். பெரியவர்களும் இதே கேள்வியில் திணறியவர்கள்தான். 1799-இல் இதை முதலில் விவரித்த ஆங்கிலேய அறிஞர் ஜார்ஜ் ஷா, யாரோ இரண்டு பிராணிகளைச் சேர்த்துத் தைத்து ஏமாற்றுகிறார்களோ என்றே சந்தேகப்பட்டார். முட்டையிடுவது உண்மைதான் என்று உறுதியானது 1884-இல். பழங்குடி மக்களின் துணையோடு, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பர்னெட் ஆற்றுப் பக்கம் தேடிக் கண்டவர் விலங்கியல் அறிஞர் வில்லியம் கால்டுவெல். முட்டையிடும் பாலூட்டி என்று ஒரு வகையே உண்டு, உடம்பில் முட்கள் கொண்ட எக்கிட்னா என்ற பிராணியும் அதில் சேரும் என்று இந்த இடத்தில் சொன்னால் நன்றாகப் பதியும்.

நேரில் பார்க்கவேண்டும் என்பார்கள். கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும்தான் அது வாழ்கிறது, நமக்கு வீடியோதான். அதைக் கடைசியில் வையுங்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டு, அது என்ன செய்கிறது, ஏன் அலகை ஆட்டுகிறது என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.