ஒரே குடும்பத்தின் தோட்டங்களில் விளையும் ஒயின் திராட்சை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் 1902 முதல் ஒயின் தொழில் செய்யும் கத்தேனா குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே வருடத்துக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான் மழை. ஆண்டிஸ் மலைப் பனி உருகி வரும் தண்ணீரில்தான் பாசனம். காற்று வறண்டிருப்பதால் பூஞ்சைத் தொல்லை குறைவு. ஆனால் ஆலங்கட்டி மழை பெரிய தலைவலி.

பெரிய வித்தியாசம் உயரத்தால் வருவது. மற்றவர்கள் குளிர் அதிகம் என்று ஒதுக்கிய குவால்தயாரியில், ஏறத்தாழ 1,450 மீட்டர் உயரத்தில், 1992-இல் நிக்கோலாஸ் கத்தேனா கொடி நட்டார். பகல் வெயிலின் புற ஊதாக் கதிரைச் சமாளிக்கப் பழத்தோல் தடிக்கும், மால்பெக் என்ற கருந்திராட்சை ரகத்தின் நிறம் ஏறும். இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கும். தாழ்வான, வெப்பமான தோட்டங்களில் புளிப்பு சீக்கிரம் இறங்கிவிடும்.

அப்புறம் மண். பழைய ஆற்றுப்படுகை என்பதால் ஒரே தோட்டத்துக்குள்ளேயே நாலு எட்டில் மண் மாறிவிடும். கூழாங்கல்லும் சுண்ணாம்பும் உள்ள இடத்தில் தண்ணீர் நிற்காது. கொடி அடங்கி வளரும், பழம் சிறுத்துச் சாறு அடர்த்தியாகும். ஆழமான வண்டலில் இலை மண்டும். மண்ணின் கனிமம் அப்படியே ஒயினில் ருசிக்கிறது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, தண்ணீர் எப்படி வடிகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.