தொழில்நுட்பம் இந்த வேகத்தில் மாறும்போது மனிதத்தன்மையை எப்படிக் காப்பாற்றுவது?

கேட்டவர் ஏஐ வந்து வேலையைப் பறித்துவிடுமோ என்ற பயத்தில் இருக்கும் இளைஞர் என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: புதுவழி திறக்கும்போது பழைய வழியை இழுத்து மூடாதீர்கள்.

"பூமர் அங்கிள்" என்று எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நானும் சிங்கப்பூரில் மென்பொருள் வேலையில்தான் காலம் தள்ளுகிறேன். அரசு, வங்கி வேலைகளுக்குப் போனிலேயே அடையாளம் காட்டும் சிங்பாஸ் இல்லாமல் எனக்கும் பொழுது ஓடாது.

என் அக்காவுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை, அதனால் முதியோர் சலுகை அட்டை கிடையாது. துப்புரவு வேலை. ஈசூனிலிருந்து விடிகாலைப் பேருந்து. இறங்கும்போது ஈசி-லிங்க் என்ற பயணக் கட்டண அட்டையைத் தட்டிவிட்டு அந்தச் சின்னத் திரையை ஒரு பார்வை பார்ப்பாள். எவ்வளவு பிடித்தது, எவ்வளவு மிச்சம். சம்பளம் வரும்வரை தாங்குமா, இன்றைக்கே பத்து வெள்ளி போட வேண்டுமா என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

2024 ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அறிவிப்பு வந்தது. பழைய ஈசி-லிங்க் அட்டை ஜூன் 1 முதல் பேருந்து, ரயிலில் செல்லாது, சலுகை அட்டை இல்லாத வயதுவந்தோர் எல்லாரும் சிம்ப்ளிகோ என்ற புதிய முறைக்கு மாற வேண்டும். சிம்ப்ளிகோவில் பணம் அட்டைக்குள் இருக்காது, சர்வரில் கணக்காக இருக்கும். அதனால் அப்போது தட்டும்போது மிச்சம் தெரியவில்லை, செயலியில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. காட்ட வைத்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் சில விநாடி கூடும் என்றார்கள். நியாயமான காரணம்தான், தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். அக்காவிடமும் அதையே விளக்கினேன்.

"உனக்கு அந்த நம்பர் வேணாம்டா, எனக்கு வேணும்" என்றாள்.

அதற்குமேல் நான் என்ன பேச? இந்த மாதிரி முறைகளைக் கட்டும் எங்களில் பலருக்கு அந்த எண் தேவைப்பட்டதே இல்லை.

ஊரே முணுமுணுத்தது. அதே ஜனவரி 22ஆம் தேதி ஆணையம் முடிவை மாற்றிக்கொண்டது. பழைய முறையையும் ஓட்ட இன்னும் 40 மில்லியன் வெள்ளி. ஒரு எண்ணைப் பார்க்கவா இத்தனை காசு என்று என் நண்பர்கள் இப்போதும் திட்டுவார்கள். என் வரிப்பணத்தில் நான் முகம் சுளிக்காமல் கொடுத்தது இதற்குத்தான். தயவுசெய்து இதை அரசியலாக்க வேண்டாம், நான் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ஆனாலும் எழுதாமல் எனக்கு ஆறாது. போன வருடம் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். முன்பெல்லாம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து பத்திரிகை வைப்பார்கள். இந்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு சுட்டி. உள்ளே படிவம்: வருகிறீர்களா, எத்தனை பேர், சைவமா அசைவமா. வீட்டுக்கு வந்து அழைப்பார்கள் என்று நானும் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கடைசியில் சுட்டியைத் திறந்தால் படிவம் மூடிக்கிடக்கிறது. போன் போட்டேன். "மாமா, ஹோட்டலுக்கு எண்ணிக்கை கொடுத்தாச்சு, இனிமே சேர்க்க முடியாதே" என்கிறான் மாப்பிள்ளைப் பையன். பிறந்த அன்றே நான் கையில் வாங்கிய பிள்ளை!

அக்காவுக்கு அவள் மகள் படிவத்தை நிரப்பியிருந்தாள். போய் வந்து, பிரியாணி சுமார்தான் என்றாள். நான் மொய்யை, போனிலிருந்தே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பிவிட்டேன்.