மாத்திரை போட்டும் இரத்தம் ஏறவில்லையா? – கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், வயது 34. ஆறு மாதமாக இரும்பு மாத்திரை போடுகிறேன். ஹீமோகுளோபின் 8.4ஐத் தாண்டவில்லை. நெஞ்செரிச்சலுக்கு இரண்டு வருடமாகத் தினமும் பான்டாப்ரசோலும் போடுகிறேன்.

பதில்: காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கலாம். கீரையோ மாத்திரையோ, இரும்பு கரைந்து போனால்தான் சிறுகுடலின் தொடக்கப் பகுதி அதை உறிஞ்சும். கரைத்துக் கொடுப்பது இரைப்பை அமிலம். அதைத்தான் தினமும் பான்டாப்ரசோல் போட்டு அடக்கி வைக்கிறீர்கள். அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள், எரிச்சல் முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். எழுதிக் கொடுத்தவரிடம் இன்னும் தேவையா என்று கேளுங்கள். கூடவே ஹெலிகோபாக்டர் பைலோரி சோதனையும் செய்யுங்கள். 1984இல் ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் தானே குடித்துப் பார்த்த கிருமி அது. 2005இல் ராபின் வாரனோடு நோபல் வாங்கினார். அந்தக் கிருமி இரைப்பையைப் புண்ணாக்கும். அமிலத்தைக் குறைத்துவிடுவதும் உண்டு. அதை ஒழித்தபின் அதே மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய நோயாளிகள் உண்டு. மாதவிலக்கில் அதிகம் போகிறதா? அதை எழுதவே இல்லையே!

கேள்வி: மாத்திரையை டீயோடு போடலாமா?

பதில்: கூடாது. டீக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு நல்லது.

கேள்வி: காபியோடு?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: பாலோடு?

பதில்: டீ, காபி, பால் மூன்றும் வேண்டாம். தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது.

கேள்வி: மலம் கறுப்பாகப் போகிறதே?

பதில்: இரும்பு மாத்திரை போட்டால் அப்படித்தான். தார் மாதிரி பிசுபிசுத்து நாறினாலோ தலை சுற்றினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: முருங்கைக்கீரை இருக்க மாத்திரை எதற்கு?

பதில்: கீரை நல்லதுதான். ஆனால் அதன் இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். 8.4ஐக் கீரையால் தூக்க முடியாது.

கேள்வி: (அவரே) எங்கள் பாட்டி இரும்புச் சட்டியில் சமைத்தே நன்றாக இருந்தாரே!

பதில்: இருந்திருப்பார். புளிக்குழம்பு வைத்தால் சட்டியிலிருந்து இரும்பு இறங்கும். இறக்குவது எது? புளிப்பு. நான் சொல்லும் அமிலக் கணக்கும் அதுதான் ஐயா.

கேள்வி: அப்படியானால் ஆட்டு ஈரல்?

பதில்: அதிலுள்ளது ஹீம் இரும்பு, அதாவது இறைச்சியில் இருக்கும் வகை. அதற்கு அமிலத்தின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுங்கள், கர்ப்பிணிகள் மட்டும் தவிருங்கள். முருங்கை ஐயா, இத்தோடு விடுங்கள்.

கேள்வி: ஆண், 58 வயது, ஹீமோகுளோபின் 9. நல்ல மாத்திரை ஒன்று சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். இந்த வயதில் ஆணுக்கு இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ இரத்தம் கசிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தச் சோதனை செய்துகொண்டு, இந்த வாரமே இரைப்பைக் குடல் மருத்துவரைப் பாருங்கள். குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி, பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.