கேள்வி-பதில்: கேஸ் ஜெனரேட்டர் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

2024 ஜூலை 8ஆம் தேதி பெரில் புயல் டெக்சாஸ் கரையைத் தாண்டியபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் செத்தன. அதிலிருந்து ஜெனரேட்டர் கடிதங்கள் நின்றபாடில்லை. இந்த வாரம் முழுக்க அவைதான். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன்.

கேள்வி: பெரிலில் ஆறு நாள் கரன்ட் இல்லை. வீட்டு கேஸ் லைனில் ஓடும் ஜெனரேட்டர் வைத்துத்தர 13,500 டாலர் கேட்கிறார்கள். போட்ட பணம் திரும்புமா? (கேட்டி, டெக்சாஸ்)

பதில்: திரும்பாது. ஆனால் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் திரும்புவதில்லை, கட்டத்தானே செய்கிறோம். அந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 15 வருடம் உழைக்கும் என்று வையுங்கள். வருடத்துக்கு 900 டாலர். ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், மூன்று வருடத்துக்கொரு பேட்டரி, ஆள் கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு 250. ஆக 1,150. வருடத்துக்குச் சராசரியாக இரண்டு நாள் கரன்ட் போகிறது என்றால், ஒவ்வொரு இருட்டு நாளுக்கும் 575 டாலர் கொடுக்கிறீர்கள். ஓடும் நாளில் கேஸ் செலவு தனி. பாதிச் சுமையில் நாள் முழுக்க ஓடினால் அதுவே 80 டாலரைத் தொடும்.

இதற்கு எதிரே என்ன இருக்கிறது? ஃப்ரிட்ஜில் கெட்டுப்போகும் 300 டாலர் சாமான், நாலைந்து நாள் ஹோட்டல் வாடகை. வெறும் காசுக் கணக்கில் ஹோட்டல்தான் ஜெயிக்கிறது. வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறதா, ஆகஸ்ட் வெயில் தாங்காத வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ இருக்கிறார்களா, தண்ணீர் கிணற்று மோட்டாரில் வருகிறதா? அப்படியென்றால் கணக்குப் பார்க்காதீர்கள், வையுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. சேல்ஸ்மேன் அதைச் சொல்லமாட்டார். பெட்ரோல், புரொப்பேன், நேச்சுரல் கேஸ் மூன்றிலும் ஓடும் தள்ளுவண்டி ஜெனரேட்டர் 1,200 டாலர் அளவில் கிடைக்கிறது. வெளிச்சுவரில் ஒரு இன்லெட் பெட்டி, பேனலில் மெயின் பிரேக்கரும் ஜெனரேட்டர் பிரேக்கரும் ஒரே நேரத்தில் ஆன் ஆகாதபடி தடுக்கும் இன்டர்லாக் தகடு, பிளம்பர் போட்டுத்தரும் கேஸ் முனை. எல்லாம் சேர்த்து 3,000 டாலர் சுமாருக்குள் முடிக்கலாம். ஃப்ரிட்ஜ், விளக்கு, மின்விசிறி, இன்டர்நெட், படுக்கையறைக்கு ஒரு ஜன்னல் ஏசி ஓடும். நீங்களே வெளியே தள்ளிவந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், ஊரில் இல்லாவிட்டால் பயனில்லை. அந்த இரண்டு அசௌகரியத்துக்கும் விலை 10,000 டாலர் என்றால் எனக்கு அது அதிகம்.

கேள்வி: மாதம் 400 டாலர் கரன்ட் பில். கேஸ்தான் மலிவாயிற்றே, ஜெனரேட்டரையே தினமும் ஓட்டிவிட்டால் என்ன? (ஃபிரிஸ்கோ)

பதில்: பில் இரண்டு மடங்காகும். அதிகம் விற்கும் 22 கிலோவாட் ரகம் பாதிச் சுமையில் மணிக்குச் சுமார் 230 கன அடி கேஸ் குடிக்கிறது. கேஸ் பில்லில் வரும் கணக்கில் அது 2.35 தெர்ம். தெர்ம் 1.40 டாலர் என்று வைத்தால் 3.30 டாலர். நேச்சுரல் கேஸில் அந்த மெஷின் தருவது 19.5 கிலோவாட்தான், ஆகவே பாதிச் சுமையில் கிடைப்பது 9.75 யூனிட். யூனிட் 34 சென்ட் ஆகிறது. கம்பியில் வருவதோ 15 சென்ட் சுற்றி. உங்கள் வீட்டின் சராசரிச் சுமை பாதிகூட வராது, 3 அல்லது 4 கிலோவாட்தான் இருக்கும். அப்போது யூனிட் விலை இன்னும் ஏறும், ஏனென்றால் சுமை இல்லாவிட்டாலும் இன்ஜின் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். 200 மணி நேரத்துக்கொரு தடவை ஆயில் மாற்ற வேண்டும், அதாவது எட்டு நாளைக்கொரு தடவை. கரன்ட் போனால் மட்டும் ஓடுவதற்கான ஸ்டாண்ட்பை மெஷினின் வாரண்டியும் தினசரி ஓட்டத்துக்குச் செல்லாது.

கேள்வி: மழையில் நனையாமல் இருக்க ஜெனரேட்டரை கராஜுக்குள் வைத்து, கதவைப் பாதி திறந்துவிட்டு ஓட்டலாமா? இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயர் ஒன்று செய்து டிரையர் பாயின்டில் செருகலாம் என்கிறார் நண்பர். (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: கூடாது. கூடவே கூடாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைமுனை வீட்டுக்கு எதிர்ப்புறம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. அந்த வயருக்கு இங்குள்ள எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் பெயர் தற்கொலை வயர். ஜெனரேட்டர் கரன்ட் அதன் வழியே தெருக் கம்பிக்கும் போய், கம்பத்தில் வேலைசெய்யும் லைன்மேனையும் சேர்த்துக் கொல்லும்.

கேள்வி: தள்ளுபடியில் 22 கிலோவாட் மெஷின் வாங்கி கராஜில் இறக்கியாயிற்று. இப்போது பிளம்பர் வந்து மீட்டர் போதாது, குழாய் போதாது, மேற்கொண்டு 2,800 டாலர் என்கிறார். ஏமாற்றுகிறாரா? (சுகர் லேண்ட்)

பதில்: இல்லை. அவர் சொல்வது சரி. தவறு, மெஷினை முதலில் வாங்கிவிட்டுக் குழாயைக் கடைசியில் பார்த்ததில்.

வீடுகளுக்கு வழக்கமாக வைக்கும் மீட்டர் மணிக்கு 250 கன அடி கொடுக்கும். உங்கள் மெஷின் முழுச் சுமையில் தனியாகவே 330 கேட்கும். அதோடு ஹீட்டர் 90, வெந்நீர்த் தொட்டி 40, அடுப்பும் ஓவனும் 65. கூட்டுங்கள், 500ஐத் தாண்டிவிட்டது. தொட்டியில்லாத வெந்நீர் ஹீட்டர் இருந்தால் அது மட்டுமே 200. ஜனவரிக் குளிரில் எல்லாம் ஒன்றாக எரியும்போது அழுத்தம் விழும், ஹீட்டர் அணையும், ஜெனரேட்டர் திணறி நின்றுபோகும். எந்த இரவுக்காக வாங்கினீர்களோ அந்த இரவில்.

அடுத்தது குழாய். சாதாரண வீட்டு அழுத்தத்தில், 50 அடி நீளத்துக்கு, முக்கால் அங்குல இரும்புக் குழாய் ஏறத்தாழ 150 கன அடிதான் கடத்தும். ஒரு அங்குலம் 280. உங்களுக்கு அதுவும் போதாது. ஒன்றேகால் அங்குலம் போட்டால் 580 வரும். ஒவ்வொரு வளைவும் சில அடிக்குச் சமம் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். தூரம் அதிகமானால் அழுத்தம் கூடுதலான 2 பிஎஸ்ஐ லைன் கேட்டு வாங்கி, ஜெனரேட்டர் அருகே தனி ரெகுலேட்டர் வைத்தால் மெல்லிய குழாயே போதும். மீட்டர் மாற்ற கேஸ் கம்பெனிக்கு வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே அதற்குத்தான் முதல் விண்ணப்பம்.

இன்னொன்று. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 22, புரொப்பேனுக்கு. நேச்சுரல் கேஸில் அதே மெஷின் 19.5தான் தரும். சின்ன எழுத்தில் இருக்கும், படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அந்த 19.5ஆவது உங்களுக்குத் தேவையா என்பது வேறு கேள்வி. ‘முழு வீட்டுக்கும் சார்’ என்ற ஒரு வாக்கியத்தை வைத்தே இந்த வியாபாரம் நடக்கிறது. வீட்டின் சதுர அடியைக் கேட்டுவிட்டு மெஷின் சைஸ் சொல்கிறவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கரன்ட் எடுப்பது சதுர அடி இல்லை. ஸ்மார்ட் மீட்டர் டெக்சாஸ் தளத்தில் உங்கள் மீட்டரின் 15 நிமிட அளவுகள் இருக்கின்றன. போன ஆகஸ்டில் மிகப் பெரிய எண்ணைத் தேடி 4ஆல் பெருக்குங்கள், அதுதான் உங்கள் உச்ச கிலோவாட். 1.9 யூனிட் என்றால் 7.6 கிலோவாட். ஏசி கிளம்பும்போது இழுக்கும் கரன்ட் இதில் தெரியாது. அதை அடக்க ஏசியில் 300 டாலர் அளவுக்கு ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டால், பல வீடுகளுக்கு 14 கிலோவாட் மெஷின் தாராளம். சின்ன மெஷின் குறைந்த கேஸ் குடிக்கும், பழைய குழாயும் சில இடங்களில் தப்பிக்கும்.

பெட்டி பிரிக்காமல் இருந்தால் திருப்பிக்கொடுத்துச் சிறியதாக எடுங்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால் பிளம்பருக்குக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஹீட்டர், ஓவன், வெந்நீர் எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஜெனரேட்டருக்கும் முழுச் சுமை கொடுத்து, அதன் நுழைவாயில் அழுத்தத்தை அளந்து எழுதித்தரச் சொல்லுங்கள். அதுவரை கடைசித் தவணை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கவலை பேஸ்மென்ட் மட்டும்தான். மழையோடு கரன்ட் போனால், குழியில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்று தண்ணீர் ஏறிவிடுகிறது. 12,000 டாலர் போட்டு கேஸ் ஜெனரேட்டர் வைக்கலாமா? (எடிசன், நியூஜெர்சி)

பதில்: அதற்கு 12,000 டாலர் எதற்கு? அரை குதிரைத்திறன் பம்ப் ஓடும்போது 1 கிலோவாட் எடுக்கும், கிளம்பும்போது இரண்டு மூன்று மடங்கு. பேட்டரியில் ஓடும் துணைப் பம்ப் ஒன்றைக் குழியில் இறக்குங்கள். நீண்ட இருட்டுக்கு 4 கிலோவாட் தள்ளுவண்டி ஒன்று. கேஸில் ஓடுவதாகப் பாருங்கள். 2012இல் சாண்டி புயலுக்குப் பிறகு உங்கள் மாநிலத்தின் 12 மாவட்டங்களில் வண்டி நம்பர் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துத்தான் பெட்ரோல் விட்டார்கள். தவிர, டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் விட்டு, கார்புரேட்டர் பிசினாகி, வாங்கிய விலையில் கால் பங்கை மெக்கானிக்கிடம் அழுதவன் நான். கேஸில் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கேஸா, பேட்டரியா? பேட்டரிக்கு 30 சதவீத வரிச்சலுகை உண்டு என்கிறார் வீட்டுக்கு வந்தவர். (ஆஸ்டின்)

பதில்: அந்த ஃபெடரல் சலுகை 2025 டிசம்பர் 31ஓடு முடிந்தது. அதற்குப் பிறகும் அதைச் சொல்லி விற்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

13.5 யூனிட் பேட்டரி ஒன்று 3 கிலோவாட் ஏசியை நாலரை மணி நேரம் ஓட்டும். ஏசி இல்லாமல் ஃப்ரிட்ஜும் விளக்கும் என்றால் ஒன்றிரண்டு நாள். இரவில் கரன்ட் இலவசம் என்ற பிளான் இருந்தால் இரவில் ஏற்றிப் பகலில் இறக்கி மற்ற நாளிலும் கொஞ்சம் சம்பாதித்துத் தரும். கேஸ் மெஷினுக்கு அந்த வித்தை தெரியாது. உங்கள் தெருவில் இரண்டு மணி நேர வெட்டுதான் அதிகமென்றால் பேட்டரி. வாரக்கணக்கில் போகும் ஊரென்றால் கேஸ். கேஸும் சாகாவரம் பெற்றதல்ல. 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சாஸில் கேஸ் கிணறுகளின் முனைகள் உறைந்து மின்நிலையங்களுக்கே கேஸ் தட்டுப்பட்டது. வீட்டு லைன்களுக்கு முன்னுரிமை இருந்ததால் அவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

கேள்வி: புயல் முடிந்த வாரம் வீட்டுக்கே வந்து என் மாமனாரிடம் 7,000 டாலர் முன்பணம் வாங்கினார்கள். ஐந்து மாதமாக ‘பெர்மிட் வரவில்லை’ என்ற ஒரே பதில். அவர் தூங்குவதில்லை. (பேர்லேண்ட்)

பதில்: முதலில் மாமனாரிடம் சொல்லுங்கள், புயல் அடித்த வாரத்தில் யார் வாசலில் நின்றாலும் நம்பத்தான் தோன்றும். ஏமாற்றியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

நாளைக் காலையில் சிட்டி பெர்மிட் ஆபீசுக்கு போன். அந்த விலாசத்துக்கு விண்ணப்பமே போகவில்லை என்றால் அதை எழுத்தில் வாங்குங்கள். பொய் அங்கேயே நிரூபணம். கார்டில் கட்டியிருந்தால் உடனே கார்டு கம்பெனியில் தகராறு எழுப்புங்கள். சட்டப்படி பில் வந்த 60 நாளைக்குள் எழுத வேண்டும். தாண்டியிருந்தாலும் கேளுங்கள், பொருளே வராத வழக்கை அவர்கள் தங்கள் விதிப்படி எடுப்பதுண்டு. வீடு தேடிவந்து விற்றவர் மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யும் படிவத்தை இரண்டு பிரதியாகத் தந்திருக்க வேண்டும். தரவில்லை என்றால் உங்கள் கடிதத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். கடிதம் சர்ட்டிஃபைடு தபாலில், ரசீதோடு. டெக்சாஸ் நுகர்வோர் சட்டப்படி வழக்குக்கு 60 நாள் முன்னறிவிப்பு தேவை, அதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். தெரிந்தே ஏமாற்றியதாக நிரூபணமானால் நஷ்டத்தில் மூன்று மடங்குவரை கேட்கலாம். 20,000 டாலர்வரை சிறு வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் கோர்ட்டே விசாரிக்கும், வக்கீல் கட்டாயமில்லை. அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கும் ஒரு புகார் போகட்டும்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கம் ஜெனரேட்டரே கூடாது என்கிறது. (சைப்ரஸ்)

பதில்: டெக்சாஸில் நிலையாகப் பொருத்தும் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரை 2015 முதல் அப்படித் தடுக்க முடியாது. எங்கே வைப்பது, எப்படி மறைப்பது போன்ற நிபந்தனைகளைத்தான் போடலாம்.

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் கேஸ் ஜெனரேட்டர் பார்த்தேன். இங்கே பெட்ரோல் ஜெனரேட்டருக்கு கிட் மாட்டி வீட்டு சிலிண்டரில் ஓட்டலாம் என்று கடைக்காரர் 9,000 ரூபாய் கேட்கிறார். (கோவை)

பதில்: மானியமோ இல்லையோ, 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர் சமையலுக்கு மட்டும்தான். ஜெனரேட்டரில் மாட்டுவது சட்டவிரோதம். அதே பணத்தை ஒரு இன்வெர்ட்டருக்கு முன்பணமாகப் போடுங்கள். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி நாலு ஃபேன், நாலு விளக்குக்கு மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். ஏற்கெனவே பணம் கொடுத்திருந்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐக் கூப்பிடுங்கள்.